ஓட்டைக்கல் மான்மியம்

காப்பு

ஓட்டைக்கு மரியாதை கிடைக்கிற தொழில் உலகத்தில் இரண்டுதான். ஒன்று வக்கீல் தொழில், இன்னொன்று பெட்ரோலியத் தொழில். மற்ற இடங்களில் குடம் ஓட்டை என்றால் பரணுக்குப் போகும், கூரை ஓட்டை என்றால் வீட்டுக்காரரோடு சண்டை வரும். பெட்ரோலியக்காரர்களோ கல்லில் ஓட்டை இல்லையென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் ஒரு கல்லை மெச்சிப் பேசினால் அந்தக் கல் உள்ளே உளுத்துப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உலகத்து எண்ணெயில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலும் அதன் பங்காளியான டோலமைட்டிலும்தான் பதுங்கியிருக்கிறது. சவூதி, ஈரான், நம் பம்பாய்க் கடல் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி. சுண்ணாம்புக்கல் இருந்தால் போதுமென்றால் திண்டுக்கல்லும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே? வேடசந்தூர்ப் பக்கம் கரிக்காலியில் சிமெண்ட் ஆலை வைத்து அரைக்கிற அளவுக்குச் சரக்கு கிடக்கிறது. ஆனாலும் திண்டுக்கல்காரர் எண்ணெய் வேண்டுமென்றால் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறார். எண்ணெய்க் கிணற்றில் வேலை வேண்டுமென்றால் பாஸ்போர்ட் எடுக்கிறார். இந்த அநியாயம் எப்படி நடந்தது என்று சொல்வதே இந்தத் தலபுராணம். வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்கலாம். கதாநாயகனே சுண்ணாம்பு என்பதால் தடவும்போது மட்டும் கொஞ்சம் மரியாதை காட்டவும்.

கடல் கொண்ட படலம்

இன்றைய திண்டுக்கல் சமவெளியின் முன்னோர்களில் ஒரு சாரார் கடலடியில் பிறந்தவர்கள். எந்த ஆண்டு என்று ஜாதகம் கணிக்க வேண்டாம். 55 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய சமாசாரம் என்பது போதும். அந்தக் கடலில் மீன் கிடையாது, நண்டு கிடையாது. சிப்பிகூடப் பிற்பாடு வந்த நாகரிகம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும் வாழ்ந்து மடிய, தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு மெல்ல மெல்ல அடியில் படிந்து சேறாகிக் கல்லாயிற்று.

எண்ணெய் சேர வேண்டுமானால் மூன்று பேர் ஒற்றுமையாக இருக்க வேண்டும். செத்த உயிர்கள் மக்கிக் கிடக்கிற களிமண் ஒருவர். அவர்தான் எண்ணெயைக் காய்ச்சுகிறவர். ஓட்டையுள்ள கல் இரண்டாமவர். காய்ச்சியதை வாங்கி வைத்துக்கொள்வார். மேலே கெட்டியான மூடிக்கல் மூன்றாமவர். சரக்கை மேலே தப்பவிடாமல் காவல் இருப்பார். இவர்கள் போக, அடுப்பின் சூட்டையும் யாராவது கவனிக்க வேண்டும். ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்குள் எண்ணெய் காய்ந்து வரும். அதற்கு மேலே போனால் வெறும் வாயுதான் மிஞ்சும். இன்னும் மேலே போனால் அடிப்பிடித்த கரி.

திண்டுக்கல்லில் அடுப்பைக் கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று. கெட்டது அங்கேதான்.

வேக்காட்டுப் படலம்

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற கூட்டுக் குடும்பத்தை அமைத்தன. கூட்டுக் குடும்பத்தில் யாராவது ஒருவர் அடுப்படியில் மாட்டிக்கொள்வது வழக்கம். இந்தத் தடவை மாட்டிக்கொண்டது மதுரை, திண்டுக்கல் வட்டாரம். மேலே கிடந்த கல்லெல்லாம் 25 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது.

எவ்வளவு சூடு? வத்தலக்குண்டுக்குப் பக்கத்திலிருக்கிற கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்றொரு கனிமம் கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். நிலவியல்காரர்கள் ஜப்பானிலிருந்தெல்லாம் இறங்கி வந்து கல்லை உடைத்துப் பார்த்தார்கள். அந்தக் கல் சொன்ன செய்தி: இங்கே 900 டிகிரிக்கு மேல் கொதித்திருக்கிறது. எண்ணெய் கேட்டது 150. கிடைத்தது 900. இதற்கு மேல் அரசாங்கம் எந்தக் கமிஷன் வைத்தாலும் திருத்த முடியாது.

நியாயமாக 900 டிகிரியில் சுண்ணாம்புக்கல் வேறு கதியை அடைந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுத் தீ வைத்தால், வெந்து வருகிற கல் கையில் தூக்கும்போதே எடை குறைந்திருக்கும். உள்ளே இருந்த கார்பன் டை ஆக்சைடு புகையோடு புகையாகப் போயிருக்கும். தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறி, வெடித்து, வெண்பொடியாக உதிரும். ஆனால் 25 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த வாயு எங்கே போகும்? தலைக்கு மேல் அத்தனை பாரம். வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே இருந்துவிட்டது. கல்லும் நீறாகவில்லை, தன்னைத் தானே மறுபடி படிகமாக்கிக்கொண்டு பளிங்கானது. படிகங்கள் ஒன்றையொன்று இறுகக் கவ்வி வளர்ந்ததில், இருந்த இண்டு இடுக்கெல்லாம் அடைந்துபோய்விட்டது. நூறு பங்கு கல்லில் ஒரு பங்கு காலியிடம் இருந்தாலே அதிகம்.

எண்ணெய்க் கம்பெனியின் கண்ணோட்டத்தில் இது மன்னிக்க முடியாத குற்றம். பார்க்க லட்சணமாக, சுத்தமாக, உறுதியாக இருக்கிற கல் அவர்களுக்கு எதற்கு?

கோட்டைப் படலம்

ஓட்டையில்லாத கல்லைத் தேடி அலைந்தவர்களும் சரித்திரத்தில் உண்டு. அவர்களுக்கு ராஜாக்கள் என்று பெயர். ஊர் நடுவே நிற்கிற மலை சுண்ணாம்புக்கல் இல்லை, கருங்கல். மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் அதன் தலையில் கோட்டை கட்ட ஆரம்பித்தார். அவர் செய்ததும் கல் மதிப்பீடுதான். ஏற முடியுமா? முடியாது. துளைக்க முடியுமா? முடியாது. மேலே மழைத் தண்ணீர் நிற்குமா? சுனைகளில் நிற்கும். ஆக, கல் பாஸ். அறிக்கைக்கு ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பீரங்கிப் பட்டறை போட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1767இல் கோட்டையைப் பிடித்தார்கள், அடுத்த வருடமே விட்டார்கள். 1783இல் பிடித்தார்கள், உடன்படிக்கை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் மறுபடியும் வந்தார்கள். அந்தக் கடைசித் தடவை நடந்தது விசித்திரம். கர்னல் ஸ்டூவர்ட் பீரங்கியால் சுவரை உடைத்து ஆட்களை ஏவ, மேலே இருந்தவர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். கர்னலிடம் குண்டும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை என்ன தோன்றியதோ, ஜெயித்தவர்களே வெள்ளைக்கொடி காட்டிவிட்டார்கள். கல்லில் ஓட்டை இல்லாமலிருந்து என்ன, தகவலில் ஓட்டை விழுந்துவிட்டதே!

கரிக்காலிக் கல்லின் தம்பிமார்கள் இந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. சுவருக்குக் காரையானார்கள். வெற்றிலைக்குத் தடவலானார்கள், புகையிலை விளைகிற ஊரில் சுண்ணாம்புக்கு வேலையில்லாமல் போகுமா? பின்னால் தோல் ஷாப்புகள் வந்தபோது, ஆட்டுத்தோலிலிருந்து முடியைக் கழற்றுகிற தொட்டிகளில் ஊறினார்கள். எண்ணெய் தராத கல் என்று யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை. கல்லிடம் எண்ணெய் கேட்கிற பழக்கம் அப்போது மனிதனுக்கு வரவில்லை.

சிப்பி பொறுக்கிய படலம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சியைத் தாண்டி அரியலூருக்குப் போனால் கதை வேறு. அங்கேயும் சுண்ணாம்புக்கல், ஆனால் கொடுத்து வைத்த கல். வயது ஏழு கோடியிலிருந்து 11 கோடி ஆண்டு வரைதான். திண்டுக்கல் வேக்காடெல்லாம் முடிந்து ஆறிய பிறகு பிறந்த கடைக்குட்டி. அடுப்பையே பார்க்காததால் உடம்பில் சிப்பியும் நத்தையும் பிறந்த மேனிக்கு இருக்கின்றன.

1840களில் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு துரைகள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் இந்தக் கல்சிப்பிகளைப் பொறுக்கினார்கள். மூட்டை லண்டனுக்குப் போயிற்று. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பண்டிதர் 1846இல் அதற்கெல்லாம் லத்தீனில் பெயர் சூட்டினார். நம் ஊர் நத்தை திருச்சி வெயிலில் பல கோடி ஆண்டு கிடந்தபோது கிடைக்காத மரியாதை, கப்பல் ஏறியதும் கிடைத்தது. அப்புறம் ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்தார். உட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று கல்லை மூன்று கோஷ்டியாகப் பிரித்து 1862இல் பெரிய அறிக்கை எழுதினார். அந்தப் பிரிவினை இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. பிற்பாடு மனிதர் வானிலைத் துறைக்கு மாறி, இந்தியாவின் தலைமை வானிலை அதிகாரியானார். திருச்சி வெயிலில் அத்தனை நாள் கல் உடைத்தவருக்கு, வெயில் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

இந்தக் கல்லிலும் எண்ணெய் ஊற்று கிளம்பவில்லை. ஓட்டை ஓரளவு உண்டு, மூடிதான் இல்லை. வெட்டவெளியில் தலைகாட்டி நிற்கிற கல்லுக்குள் எண்ணெய் வந்தாலும் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே இதுவும் சிமெண்டுக்கே போயிற்று. 1939இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. ஊருக்கும் டால்மியாபுரம் என்று பெயர் வந்தது. பெயரை மாற்றச் சொல்லி 1953 ஜூலை 15ஆம் தேதி மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். தமிழ்நாட்டு அரசியலில் அதன் பலன் என்ன என்பதை நாடறியும். ரயில் நிலையத்தின் பெயரும் பின்னாளில் மாறியது. மாறாமல் அடம்பிடித்தவர்கள் நிலவியல்காரர்கள் மட்டும்தான். அந்தக் கல்லடுக்கை 'டால்மியாபுரம் படிவம்' என்றே இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அவர்களுக்காகத் தண்டவாளத்தில் படுக்க யாரும் முன்வரவில்லை.

கடிதம் பிரிக்காத படலம்

இனிக் கொஞ்சம் கடல் கடப்போம். நம் தாத்தாக்கள் காலத்து லாந்தர் விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. விற்றது பர்மா ஆயில் கம்பெனி, தலைமையகம் கிளாஸ்கோ. இந்திய விளக்குகளிலிருந்து கறந்த லாபத்தை அவர்கள் 1905இல் பாரசீகத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற கோடீஸ்வரர் 1901இல் குத்தகை எடுத்துவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியத் தங்கத்தில் சம்பாதித்த பணம். பாரசீகத்தை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

வெயிலில் காய்ந்து கிணறு தோண்டியவர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ். ஆண்டுகள் ஓடின, பணம் கரைந்தது, எண்ணெய் வரவில்லை. 1908 மே மாதம் கிளாஸ்கோ பொறுமை இழந்தது. 1,600 அடி வரை போய்ப் பார், இல்லையென்றால் மூட்டை கட்டு என்று கடிதம் புறப்பட்டது. தந்தி முன்னால் வந்தது, கடிதம் பின்னால் கப்பலில் வந்துகொண்டிருந்தது. கடிதம் கைக்கு வரட்டும் என்று ரெனால்ட்ஸ் பாட்டுக்குத் தோண்டிக்கொண்டே போனார். இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டாம். அவர் முன்னாளில் இந்தியப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மேலிடத்து உத்தரவை எத்தனை நாள் வரவே இல்லையென்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பாலபாடம்.

மே 26 விடியற்காலை நான்கு மணிக்கு, மஸ்ஜித்-இ-சுலைமானில் 1,180 அடி ஆழத்திலிருந்து எண்ணெய் சுமார் ஐம்பது அடி உயரத்துக்குப் பீறிட்டது. வேலையை நிறுத்தச் சொன்ன கடிதம் அப்போதும் வழியில் இருந்தது. எண்ணெயைத் துப்பியது அஸ்மாரி என்கிற சுண்ணாம்புக்கல். மலை மடியும்போது அந்தக் கல்லும் மடிந்து, வெடித்து, உடம்பெல்லாம் விரிசலாகிக் கிடந்தது. அந்த விரிசல்தான் எண்ணெய்க்கு ராஜபாட்டையானது. இடிபட்ட கல் ஒரு சாம்ராஜ்ஜியத்தின் கடற்படைக்கே எண்ணெய் வார்த்தது. ரெனால்ட்ஸுக்குச் சில ஆண்டுகளில் வேலை போயிற்று.

சவூதியிலும் இதே கூத்துதான். தம்மாமில் ஆறு கிணறு தோண்டியும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. மேலாக இருந்த சுண்ணாம்புக்கல்லைப் பார்த்து, ஊரே இவ்வளவுதான் என்று முடிவுகட்ட இருந்தார்கள். ஏழாவது கிணற்றை விடாமல் 1,440 மீட்டர் வரை இறக்கினார்கள். 1938 மார்ச்சில் கீழேயிருந்த இன்னொரு சுண்ணாம்புக்கல் வாயைத் திறந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திண்டுக்கல் டிராவல்ஸ் ஏஜெண்டுகளுக்கு மனப்பாடம்.

தேங்காய்ப் படலம்

கல்லுக்குள் இருப்பதை மேலே நின்றே கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்கிறவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக் காட்டுக்குள் நடப்பார். ஓட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது ஐதீகம்.

"எம்புட்டு அடிண்ணே போகணும்?"

"முந்நூறுல ஒரு ஊத்து கெடைக்கும்ப்பா. அது தவறுனா அறுநூறு."

"அதுவும் தவறுச்சுன்னா?"

"தேங்கா முத்தலா இருந்துருக்கும்."

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி முழுக்க இரைந்து, ஆயிரம் அடியில் புழுதியை மட்டும் கக்கிவிட்டு நிற்பதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். இந்தச் சமவெளியின் கல்லுக்குத் தனியாக ஓட்டை கிடையாது; தண்ணீர் வந்தால் வெடிப்பில்தான் வர வேண்டும். அமெரிக்காவில் எண்ணெய் தேடியவர்களும் ஆரம்பத்தில் குச்சியும் மர்மப் பெட்டியுமாகத்தான் வயல் வயலாக அலைந்தார்கள். தேங்காய் கிடைக்காத நாடு, பாவம்.

1927 செப்டம்பரில் பிரான்சின் பெஷெல்பிரானில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் ஆட்கள் முதன்முதலாகக் கிணற்றுக்குள் மின்கம்பியை இறக்கி, கல் எவ்வளவு மின்சாரத்தைத் தடுக்கிறது என்று அளந்தார்கள். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை விடும், எண்ணெய் விடாது. விடாத இடத்தில் தோண்டு! தேங்காய்க்காரருக்குப் போட்டியாக நம் ஊருக்கு வருகிற 'மெஷின் வச்சுப் பாக்குறவர்' கம்பியை நாலு இடத்தில் அடித்துக் கணக்கு எழுதுகிறாரே, அந்த முறைக்கும் ஷ்லும்பெர்ஜே முறை என்றே பெயர். பெட்ரோலியக்காரனும் வேடசந்தூர் விவசாயியும் ஒரே குருவிடம் படித்தவர்கள். ஃபீஸில் மட்டும் வித்தியாசம்.

ஓட்டை எண்ணிய படலம்

ஓட்டையை அளக்கிற சாஸ்திரத்தில் முதல் ரிஷி ஹென்றி டார்சி. பாரசீகக் குத்தகை டார்சிக்கு இவர் உறவுமில்லை, பங்காளியுமில்லை. பிரான்சில் டிஜோன் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த இன்ஜினியர். மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று குழாயில் போட்டுப் பார்த்து 1856இல் ஒரு விதி எழுதினார். எண்ணெய்க் கல் திரவத்தை எவ்வளவு ஓடவிடுகிறது என்கிற விடுதிறனை அவர் பேரிலேயே இன்று அளக்கிறார்கள். ஆத்தூர் காமராஜர் அணையை நம்பி வாழ்கிற திண்டுக்கல்காரர்கள், குடிதண்ணீர்ப் பஞ்சத்திலிருந்துதான் இந்த விஞ்ஞானமே பிறந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மணற்கல் ஒழுங்கான பிள்ளை. ஓட்டை நிறைய இருந்தால் அநேகமாக விடுதிறனும் நிறைய இருக்கும். சுண்ணாம்புக்கல் அப்படியில்லை. உள்ளே நூறு அறை இருக்கும், நூறிலும் எண்ணெய் நிரம்பியிருக்கும், ஆனால் ஒவ்வொரு கதவிலும் திண்டுக்கல் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று கல்லுக்கே தெரியாது. சிப்பி கரைந்துபோன இடம் சிப்பி வடிவிலேயே காலியாக இருக்கும்; பக்கத்துக் காலியிடத்தோடு பேச்சுவார்த்தை இருக்காது. ஆக, ஓட்டைக் கணக்கில் முதல் மாணவன், விடுதிறனில் பூஜ்யம்.

1942இல் ஷெல் கம்பெனியின் கஸ் ஆர்ச்சி, மின்தடையைக் கொண்டு எண்ணெயின் பங்கைக் கணக்கிட ஒரு சூத்திரம் சொன்னார். அடுக்குக்குறியில் 2 என்று போடு, விடை வரும். மணற்கல்லுக்கு ஓரளவு வந்தது. சுண்ணாம்புக்கல்லிடம் போனால், ஓட்டைகள் தனித்தனியாகக் கிடந்ததால் மின்சாரம் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாமதத்தையும் சூத்திரம் எண்ணெய்க் கணக்கில் எழுதியது. காகிதத்தில் எண்ணெய், கிணற்றில் தண்ணீர்! அடுக்குக்குறியை 3 பக்கம் நகர்த்தினால்தான் சில கற்கள் உண்மை பேசும் என்பது பலர் பணம் போன பிறகே உறைத்தது.

அடுத்து வந்தவர்கள் ஜாதகக்காரர்கள். 1962இல் ராபர்ட் டன்ஹாம், கல்லுக்குள் மணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, இல்லை சேற்றில் மிதக்கின்றனவா என்று பார்த்து வகை பிரித்தார். 1970இல் ஷொகெட், பிரே என்ற இருவர் ஓட்டைகளையே 15 வகையாகப் பிரித்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தைப் பதினைந்தாக வகுக்க நம் வேதாந்திகளுக்குக்கூடத் தோன்றியதில்லை.

பரிசோதனைச் சாலையில் நடப்பதையும் பார்த்துவிடுவோம். பல கோடி செலவழித்துக் கிணற்றிலிருந்து எடுத்த கல்லில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துண்டைக் கடைந்தெடுப்பார்கள். அதில் எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், இருக்கிற எண்ணெயையெல்லாம் டொலுயீன் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். கழுவி, காயவைத்து, ஹீலியத்தை ஊதி, காலியிடத்தை அளப்பார்கள். இன்னொரு துண்டில் நீலச் சாயம் கலந்த பிசினை இறக்கி, காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைப்பார்கள். நீலம் தெரிகிற இடமெல்லாம் ஓட்டை. அலிசரின் சிவப்பைத் தடவினால் சுண்ணாம்புக்கல் வெட்கப்பட்டுச் சிவக்கும், டோலமைட் அசையாது. கரிக்காலிக் கல்லை அந்தக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் வெண்படிகம் பக்கத்தில் வெண்படிகமாக நெருங்கி நிற்கும். நீலத்தைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். இத்தனையும் செய்துவிட்டு, அந்தக் கட்டைவிரல் சொன்னதை வைத்து ஒரு தாலுகா அளவு நிலத்துக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். தேங்காய்க்காரர் தன் தொழிலைப் பற்றி இனிமேல் கூச்சப்பட வேண்டியதில்லை.

பூட்டுக்குக் கள்ளச்சாவியும் உண்டு. 1896இல் ஹெர்மன் ஃப்ராஷ் என்பவர் ஒஹையோவின் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினார். கல் பொங்கிக் கரைந்து வழிவிட்டது. கூடவே இரும்புக் குழாயும் அரித்துப்போனதால் வித்தை முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. 1932இல் டவ் கெமிக்கல்காரர்கள் அமிலத்தில் கொஞ்சம் ஆர்சனிக் கலந்து, குழாயை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் தின்ன வைத்தார்கள். நம் வீட்டுக் குளியலறையில் ஆசிட் ஊற்றி உப்புக்கறை எடுக்கும்போது வருகிற நுரையும் அதே வேதியியல்தான்.

பம்பாய்ப் படலம்

இந்தியாவுக்கு 1956இல் ஓ.என்.ஜி.சி. வந்தது. 1964இல் காரைக்காலில் ஆழக் கிணறு தோண்டிக் காவிரிப் படுகையைச் சோதித்தார்கள். டெல்டாவின் எண்ணெய் 1980களில் நரிமணம் பக்கம் வெளிப்பட்டது. அதுவும் பெரும்பாலும் மணற்கல்லின் தயவு. சுண்ணாம்புக்கல் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது அரபிக்கடலில்.

1960களின் நடுவில் 'அகாதெமிக் அர்ஹாங்கெல்ஸ்கி' என்ற சோவியத் ஆய்வுக் கப்பல், மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் கடலுக்கடியில் ஒரு பெரிய மேடு இருப்பதைக் கண்டது. ரஷ்யர்கள் சொல்லிவிட்டார்கள், தோண்ட நம்மிடம் மேடை இல்லை. ஜப்பானில் மிட்சுபிஷியிடம் செய்யச் சொல்லி, 'சாகர் சாம்ராட்' 1973இல் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் குழாயைத் திருக, எண்ணெய் விலை சில மாதங்களில் நாலு மடங்கானது. டெல்லியே கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் எண்ணெயைத் தொட்டது. 1976 மே மாதம் உற்பத்தி ஆரம்பம்.

அங்கே கதாநாயகன் எல்-3 என்ற மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆதிகாலத்தில் கடல் அவ்வப்போது பின்வாங்கியதில், அந்தக் கல் வெளியே தலைநீட்டி மழையில் நனைந்தது. மழைத் தண்ணீரில் இருந்த இளம் புளிப்பு அதை அங்கங்கே அரித்துப் பொந்தாக்கியது. பிறகு கடல் திரும்பி வந்து களிமண்ணால் மூடி வைத்தது. மழையில் நனைந்த குழந்தைக்கு ஜலதோஷம் வரும், மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு அதிர்ஷ்டம் வரும். அதிலும் ஒரு அழிச்சாட்டியம் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்கு எண்ணெய் மேல் ஒட்டுதல் அதிகம். பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. இந்த வகைக் கற்களில் இருப்பில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டாலே கம்பெனிக்காரர்கள் பொங்கல் வைப்பார்கள்.

நூற்பயன்

புராணம் கேட்டவர்களுக்குப் பலன் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இதைக் கேட்ட விவசாயிக்கு முந்நூறு அடியில் வெடிப்பு அமையட்டும். நிலவியல் மாணவனுக்கு 15 வகை ஓட்டையும் பரீட்சையன்று நினைவுக்கு வரட்டும். மேலிடத்துக் கடிதத்தைக் கண்டு நடுங்குகிற ஊழியர்களுக்கு ரெனால்ட்ஸின் அருள் கிட்டட்டும். கல்லை எடை போட வந்த பண்டிதர்களில் அநேகர் முதல் தடவை தப்பாகத்தான் போட்டார்கள் என்பதை மூலதனம் போடுகிறவர்கள் மறவாதிருக்கட்டும்.

கரிக்காலிக் கல்லுக்குத்தான் பலன் பாக்கி. அது இன்று சிமெண்ட் ஆலையின் சூளைக்குள் போகிறது. அங்கே 1,450 டிகிரி வரை சூடு. தலைக்கு மேல் 25 கிலோமீட்டர் பாரம் மட்டும் இல்லை. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. பூமிக்கடியில் 900 டிகிரியில் வெந்தபோதும் விடாமல் அடக்கி வைத்திருந்த வாயு, சில நிமிடங்களில் காலி.

இப்போது உலகத்துக்குப் புதுக் கவலை. அந்த வாயுவைப் பிடித்துத் திரும்பவும் பூமிக்குள் பூட்ட வேண்டுமாம். கனடாவின் வேபர்னில் எண்ணெய் உறிஞ்சிய சுண்ணாம்புக்கல், டோலமைட் அடுக்குகளுக்குள் 2000ஆம் ஆண்டு முதல் கார்பன் டை ஆக்சைடை இறக்குகிறார்கள். ஓட்டை எத்தனை, விடுதிறன் எவ்வளவு, மூடி கெட்டியா என்று பழைய பரீட்சையையே மறுபடி நடத்துகிறார்கள். டார்சியும் ஆர்ச்சியும் திரும்பக் களமிறங்கிவிட்டார்கள். அந்தப் பரீட்சையிலும் கரிக்காலிக் கல் ஃபெயில்தான். உள்ளே இடமே இல்லையே!

அந்த வாயுவை ஒரு பொட்டு ஓட்டை இல்லாமல், கிணறு இல்லாமல், செலவில்லாமல் அத்தனை கோடி ஆண்டு பத்திரமாக வைத்திருந்த கல் அது. அந்த மார்க்கைப் போடுவதற்கு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை.